கோதுமை அறுக்கட்டும், சொல்கிறேன்

மாப்பிள்ளைக்கு எதிரே நின்று பேசும் பழக்கம் எனக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மாப்பிள்ளை கூடத்துக்கு வந்தால் மாமியார் அடுப்படிக்குப் போய்விடுவாள். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் மகளிடம் சொல்வாள், மகள் அவரிடம் சொல்வாள். யாருக்கும் அதில் குறை கிடையாது. ஆக்லாந்தில், மவுண்ட் ரோஸ்கில்லில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அது கஷ்டமாகிப் போனது. அந்த வீட்டில் கூடமும் அடுப்படியும் ஒன்று. நடுவே சுவர் இல்லை. மாப்பிள்ளை உள்ளே வந்தால் நான் ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன்.

"அம்மா, கரண்ட் போகுது. மூடு," என்பாள் மகள்.

என் வீட்டுக்காரர் இறந்து முதல் வருஷத் திதி முடிந்ததும் மகள் டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போ என்றுதான் கூப்பிட்டாள். மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பேரும் இந்த ஊரில் ஒரே ஆபீசில் வேலை பார்த்துப் பழகி, பெரியவர்களிடம் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவருடைய அம்மாவும் அந்த வீட்டில்தான் இருந்தார். என் சம்மந்தி. என்னைவிட மூத்தவர், ஆனால் நடையில் என்னைவிட வேகம், பேச்சில் அதைவிட வேகம். நான் வந்த மறுநாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "சம்மந்தி, இஞ்ச கூச்சப்பட்டால் பட்டினிதான் கிடக்க வேணும். பசிச்சால் பசிக்குது எண்டு சொல்லுங்கோ," என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். பசிக்கிறது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

நான் வந்தது வெயில் காலம். அது முடிகிற சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை என் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"மாமி, பின்வளவுக்குள்ள ஒரு சின்ன வீடு கட்டுவம் எண்டு யோசிக்கிறன். ஒரு அறை, சின்னக் குசினி, பாத்ரூம். உங்களுக்குத்தான். நீங்கள் இஞ்சயே இருப்பன் எண்டு சொன்னால் நான் பில்டரோட கதைக்கிறன். விசா அலுவலையும் நானே பாக்கிறன்."

குழாயை மூடினால் நான் பேச வேண்டியிருக்கும் என்று மூடாமலே நின்றேன். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னேன். "எனக்கு எதுக்கு தனி வீடெல்லாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லு."

"அவர் இங்கதான் நிக்கிறார். நீயே சொல்லு."

"பாக்கலாம்னு சொல்லு."

சோபாவில் படுத்திருந்த சம்மந்தி கண்ணைத் திறக்காமல் கேட்டார். "பாக்கலாம் எண்டால் ஓமோ, இல்லையோ?"

நான் மறுபடி பாத்திரம் கழுவினேன். எல்லாம் ஏற்கெனவே கழுவியதுதான்.

இருக்க எனக்கு ஆசைதான். அதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை. காலையில் மகள் எழுந்து ஹீட்டர் போடும் சத்தம், அவள் செருப்பைத் தேடும் சத்தம், அதையெல்லாம் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. ஆனால் பெண்ணைப் பெற்றவள் பெண் கொடுத்த இடத்தில் நிரந்தரமாகப் போய் உட்காருவதா? திருச்சியில் இருக்கும் என் மகன் ஸ்கைப்பில் பேசும்போதெல்லாம் அதைத்தான் கேட்டான். "நான் இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ அங்கயே தங்கிட்டா நாலு பேரு என்னை என்னம்மா கேப்பாங்க?" அவன் கெட்டவன் இல்லை. அவன் கேட்டதும் நியாயம்தான். அதோடு, எனக்கு இது வேண்டும் என்று நான் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதே இல்லை. புருஷனிடம்கூட. கடைக்குப் போனால் அவராகப் பார்த்து எடுத்துக் கொடுப்பார், நான் நல்லாயிருக்கு என்பேன். இப்போது எடுத்துக் கொடுக்கிற இடத்தில் யாரும் இல்லை. நானே சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

மாப்பிள்ளை வீடு கட்டலாம் என்று சொன்ன அந்தப் பின்பக்கத்தில் சம்மந்தியின் தோட்டம் இருந்தது. வெயில் காலமெல்லாம் பூசணியும் பயற்றங்காயும் காய்த்து ஓய்ந்த இடம். நான் வந்த புதிதில் தெற்கே பார்த்து நின்று, இங்கே வெயில் நன்றாக விழும் என்றேன். சம்மந்தி என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இந்த ஊரில வெயில் வடக்கால வரும், சம்மந்தி. சூரியனே இஞ்ச மற்றப் பக்கத்தாலதான் நடக்கிறார்." அந்தத் தோட்டத்துக்கு வடக்கே எந்த மறைப்பும் இல்லை. அதனால்தான் வீட்டுக்கும் அந்த இடத்தைப் பார்த்திருந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மா தனியாக இருந்தார். தெற்குத் தீவில் கோதுமை விளைகிற பக்கத்தில் பிறந்து வளர்ந்தவராம். கோழி வளர்த்தார். அந்தக் கோழிகளுக்காக வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் கோதுமை போடுவார். வேலியில் ஒரு பலகை கழன்ற இடம் உண்டு. அதன் வழியாகச் சம்மந்தி அவருக்கு ரசம் கொடுப்பார், அவர் முட்டை கொடுப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை, பேச்சுக்கு மட்டும் குறைவில்லை.

சித்திரையில் குளிர் தொடங்கியது. நம் ஊரில் கத்திரி வெயில் அடிக்கும்போது இங்கே கம்பளி எடுக்க வேண்டும். தோட்டம் சும்மா கிடப்பதைப் பார்த்து அந்த அம்மா பலகை இடுக்கில் இரண்டு ஜாம் பாட்டில்களை நீட்டினார். இரண்டிலும் கோதுமை விதை. மகள் நடுவில் நின்று சொன்னாள்.

"இதுல இருக்கிறது குட்டை ரகமாம். குளிர் போனப்புறம் விதைச்சா சீக்கிரமா கதிர் வந்துடும். இன்னொன்னு குளிர்கால ரகம். இப்பவே விதைக்கணுமாம். குளிர் முழுக்கப் புல்லு மாதிரி கிடக்குமாம். குளிர் பட்டாத்தான் அதுக்குக் கதிரே வருமாம். அறுக்கிறதுக்குத் தை மாசம் ஆயிடும். ரொம்பப் பொறுமை வேணும்ங்கிறாங்க. எது வேணும்?"

சம்மந்தியின் கை குட்டை ரகத்துக்குப் போனது. "கெதியா வாறது நல்லது."

நான் மற்ற பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். அப்படி நான் எதையும் முந்திக்கொண்டு பிடித்ததில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "இதுக்கு மீசை இருக்குன்னாங்களே. மீசை இருந்தா குருவி தின்னாது," என்றேன். அந்த அம்மா அதையும் சொல்லியிருந்தார், உண்மைதான். கதிரில் நீளமாகக் கூர் கூராக இருக்கும் மீசை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீடு வந்ததும் நான் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொன்னேன். "அந்தக் கோதுமை அறுக்கட்டும். அப்புறம் சொல்றேன்னு சொல்லு."

"என்ன சொல்லப் போறே?"

"அதான், வீடு விஷயம்."

மாப்பிள்ளை கதவின் அந்தப் பக்கம் நின்று, "ஓம் மாமி, ஆறுதலாச் சொல்லுங்கோ, அவசரமில்லை," என்றார். பிறகு பால் எடுக்க வேண்டும் என்றார். நான் ஒதுங்கினேன்.

இனி விதைத்த கதையைச் சொல்ல வேண்டும். சம்மந்தி விதையைக் கையில் அள்ளி எறியப் போனார். நான் தடுத்தேன்.

"நாத்து விட்டு நடணும், சம்மந்தி."

"நாங்கள் நெல்லே எறிஞ்சுதான் விதைக்கிறது."

"நாங்க நட்டுத்தான் பழக்கம். நட்டாத்தான் தூர் கட்டும்."

கல்யாணத்துக்கு முன்பு நான் வயலில் நடவுக்குப் போனவள். பயிர் என்றால் எனக்கு அது ஒன்றுதான் தெரியும். சம்மந்தி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையில் இருந்த விதையை என் முந்தானையில் போட்டார். "சரி, நீங்கள் சொல்லுறபடியே செய்வம்."

ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மண் போட்டு நாற்று விட்டோம். பச்சைப் பசேலென்று வந்தது. வைகாசிக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. தோட்டத்து மண் களிமண். ஹோஸ் பைப்பை வேறு திறந்துவிட்டு, நான் காலால் மிதித்து மிதித்துச் சேறாக்கினேன். சுற்றிலும் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தினேன். மாப்பிள்ளையின் ரப்பர் பூட்ஸ் எனக்குப் பெரிதாக இருந்தது, சேற்றில் அது நின்றுவிடும், கால் மட்டும் வெளியே வரும். குளிரில் விரல் விறைத்துப்போனது. ஆனாலும் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டேன். கை தானாகப் போனது. மூன்று நாற்று, ஒரு குத்து. மூன்று நாற்று, ஒரு குத்து. நட்டு முடித்து நிமிர்ந்தபோது சம்மந்தி ஜன்னலுக்குள்ளிருந்து கை தட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வாரமே நாற்று மஞ்சளடித்தது. மழை நிற்கவில்லை. நானும் வரப்பை வெட்டவில்லை. தண்ணீர் நின்றால் நல்லதுதானே என்று இருந்தேன். வெள்ளைக்கார அம்மா குடை பிடித்துக்கொண்டு பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"வாத்து வளர்க்கப் போறீங்களான்னு கேக்கிறாங்க."

"ஏன்?"

"கோதுமைக்குக் கால் நனையக் கூடாதாம்மா. தண்ணி நின்னா வேர் அழுகிடுமாம். யாரும் இதை நடவே மாட்டாங்களாம். சும்மா கோடு கிழிச்சு விதையைப் போட்டு மூடினா போதுமாம்."

எனக்கு முகமெல்லாம் சுட்டது. உள்ளே போய்விட்டேன். வாயைத் திறந்து ஒரு காரியம் சொன்னேன், அது இப்படியா ஆக வேண்டும்? சம்மந்தி என் அறைக்கு வந்தார். மழைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் இன்னொரு மழைக் கோட்டோடு வந்தார்.

"எழும்புங்கோ. வாய்க்கால் வெட்டித் தண்ணியை இறக்குவம்."

"எறிஞ்சு விதைக்கலாம்னு நீங்க சரியாத்தான் சொன்னீங்க. என்னைத் தடுத்திருக்கலாமில்ல?"

அவர் கோட்டின் பொத்தானை எனக்குப் போட்டுவிட்டபடியே சொன்னார். "இந்த வீட்டுக்கு வந்து நீங்கள் இப்பிடித்தான் செய்ய வேணும் எண்டு சொன்ன முதல் கதை அது. அதை எப்பிடி நான் வேண்டாம் எண்டுறது? கோதுமை போனால் போகட்டும் எண்டு விட்டன்."

அந்த மழையில் இரண்டு பேரும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினோம். மண்வெட்டி சம்மந்தியிடம். எனக்குக் கிடைத்தது சமையலறைக் கரண்டி ஒன்று. தண்ணீர் வேலியோரமாக இறங்கியது. பாதி நாற்று அப்படியே சாய்ந்து செத்தது. மீதி நின்றது.

சாப்பிடும்போது சம்மந்தி கேட்டார். "எல்லாம் செத்திருந்தால் மறுமொழி என்ன, சம்மந்தி?"

மாப்பிள்ளையும் மகளும் தட்டைப் பார்த்தார்கள்.

"அதான் பாதி இருக்கே," என்றேன்.

"அப்ப பாதி மறுமொழி சொல்லுங்கோ."

நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

ஆனி, ஆடி முழுக்க அது புல்லாகத்தான் கிடந்தது. தரையோடு படிந்து, பார்க்கிறவர்களுக்கு வீட்டு முன்னால் இருக்கும் புல்தரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. புல் வெட்டும் இயந்திரத்தோடு வருகிற ஆள் ஒரு தடவை அதற்குள்ளேயே வண்டியை விடப் பார்த்தான். சம்மந்தி கையை விரித்துக்கொண்டு குறுக்கே போய் நின்றார். குளிர் போதுமான அளவு பட வேண்டும், இல்லையென்றால் கதிர் வராது என்று அந்த அம்மா சொல்லியிருந்ததால், வீட்டில் எல்லோருக்கும் குளிர் மேலேயே கண் இருந்தது. மாப்பிள்ளை காலையில் காரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து ஃப்ரிட்ஜ் கதவிடம் சொல்வார். "மாமி, இண்டைக்கு நல்ல குளிர். உங்கட பயிருக்கு நல்லது." நான் கதவுக்குப் பின்னாலிருந்து, "ம்," என்பேன். அந்த "ம்" எனக்குப் பெரிய காரியம். முதலில் அதுகூட வராது.

குளிர் குறையத் தொடங்கியதும் பயிர் எழுந்து நின்றது. நின்றதோடு சரி. வேலிக்கு அந்தப் பக்கம், பிறகு விதைத்த குட்டைக் கோதுமை ஐப்பசி முடிவதற்குள் கதிர் தள்ளிவிட்டது. நம்முடையது இலை மட்டும்தான். தினமும் போய்த் தண்டைத் தொட்டுப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது உருளுகிறதா என்று. ஒன்றும் இல்லை. எனக்குக் கவலையாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்குமோ, இருந்தது.

பில்டர் போன் செய்துகொண்டே இருந்தான். வருஷ முடிவுக்குள் சொல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடுவான் என்று மாப்பிள்ளை சம்மந்தியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. நேராக என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மகள்தான் கேட்டாள். துணி காயப்போடும் கொடிக்கு அடியில், நாங்கள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தோம்.

"அம்மா, அந்த ரெண்டு பாட்டில்ல எது லேட்டா வரும்னு தெரிஞ்சுதானே எடுத்த?"

"மீசை இருக்குன்னு எடுத்தேன்."

"உனக்கு மீசையே பிடிக்காதுன்னு கல்யாணமான வாரமே அப்பா வழிச்சிட்டாராம். அவரே சொல்லியிருக்கார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

"நீ திருச்சிக்குப் போறதா இருந்தா போம்மா. அண்ணன்கூட இரு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா புல்லு மேல பழியைப் போட்டுட்டுப் போகாத. நான் தினமும் ஆபீஸ்ல இருந்து வந்து, உன் பெட்டி கட்டிலுக்கு அடியில இருக்கா, மேல இருக்கான்னு பாக்கிறேன்."

அவள் மடித்த துண்டை வாங்கி நான் மறுபடி பிரித்து மடித்தேன். இவள் சின்ன வயதில் ஸ்கூல் விட்டு வந்ததும் முதலில் அடுப்படியைத்தான் எட்டிப் பார்ப்பாள். நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அதே பார்வைதான். எனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று இருந்தது. ஆசை என் பக்கம் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அப்போதும் வார்த்தை வரவில்லை. "பெட்டி கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு," என்று மட்டும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்தபடி கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை சம்மந்தி தோட்டத்திலிருந்து கூப்பிட்டார். "சம்மந்தி, ஓடி வாங்கோ. குடலை தள்ளியிருக்கு."

போய்த் தண்டைத் தொட்டேன். கணுவுக்கு மேலே உருண்டையாக, கெட்டியாக இருந்தது. உள்ளே கதிர் திரண்டிருப்பதை நாங்கள் பொதி என்போம். பாதி செத்து மீதி நின்ற அத்தனை குத்திலும் இருந்தது. மார்கழியில் மீசை வெளியே வந்தது. வெயில் அதன் மேல் விழும்போது வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும். மைனாக்கள் வேலியில் வரிசையாக உட்கார்ந்து பார்த்தன. இந்த ஊரில் மைனா அவ்வளவு. இறங்கி ஒரு கொத்துக் கொத்தும், மீசை குத்தும், தலையை உதறிக்கொண்டு போகும். பக்கத்து வீட்டுக் குட்டைக் கோதுமைக்கு மீசை கிடையாது. பாதியை அவை தின்றுவிட்டன. அந்த அம்மா எங்கள் பயிரைக் காட்டி மகளிடம் என்னவோ சொன்னார். "நீ நல்லதாத்தான் தேர்ந்தெடுத்திருக்கியாம்," என்றாள் மகள்.

பில்டர்களுக்குக் கிறிஸ்துமஸிலிருந்து தை பிறக்கும் வரை லீவாம். அதனால் மாப்பிள்ளை அவனிடம், லீவு முடிந்து வா, பதில் சொல்கிறேன் என்று கெஞ்சி வைத்திருந்தார்.

பொங்கலன்று விடியற்காலையில் நான் குளித்துவிட்டுக் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போனேன். நம் பக்கத்தில் பொங்கலுக்குப் புது அரிசி. இங்கே புதுக் கோதுமை போட்டுப் பொங்கிவிட்டு, அன்றைக்கே சொல்லிவிடலாம் என்று மனதைக் கட்டிக்கொண்டு போனேன். கதிரைக் கசக்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளினேன். பிசின் மாதிரி ஒட்டியது. முற்றவில்லை. தண்டின் அடியில் இன்னும் பச்சை இருந்தது. மனதைக் கட்டியது வீணாகிவிட்டதே என்று கத்தரிக்கோலைப் பிடித்தபடி அங்கேயே நின்றேன்.

சம்மந்தி போர்வையோடு வந்து நின்றார். அவரும் ஒரு மணியைக் கடித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எங்கட ஊரில பொங்கலுக்குப் புது நெல் கட்டாயம் இல்லை, சம்மந்தி. தைப்பூசத்துக்குத்தான் நாங்கள் புதிர் எடுக்கிறது. முதல் கதிரை அண்டைக்குத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிக்கு வைச்சுச் சமைக்கிறது. பூசத்துக்கு வடிவா முத்திடும். அவசரமில்லை."

"பில்டர் காத்திட்டு இருக்கானே."

"அவன் இருப்பான். அவனுக்கென்ன, பூசம் ஒருக்கால்தானே வருது."

கடை அரிசியில்தான் அன்று பொங்கல் வைத்தோம்.

தைப்பூசத்தன்று நல்ல காற்று. மகளும் மாப்பிள்ளையும் லீவு போட்டிருந்தார்கள். பயிர் உலர்ந்து பொன்னிறமாக நின்றது. காய்கறிக் கத்தியால் நானும் சம்மந்தியும் அறுத்தோம். முதல் கதிர்க்கட்டைச் சம்மந்தி தலையில் வைத்து உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்தின் முன்னால் வைத்தார். மற்றதைக் காரை வெளியே எடுத்துவிட்டு, கராஜில் என் பழைய புடவையை விரித்து, காலால் தேய்த்து உதிர்த்தோம். மீசை புடவையெல்லாம் ஏறிக் குத்தியது. மகள் "ஐயோ அம்மா, காலு" என்று குதித்துக் குதித்து மிதித்தாள். சம்மந்தியிடம் ஊரிலிருந்து கொண்டுவந்த சுளகு ஒன்று இருந்தது, நாங்கள் முறம் என்போம். வெளியே வந்து காற்று வாக்கில் நின்று நான் தூற்றினேன். உமி எல்லாம் வேலிக்கு மேலே பறந்து கோழிகளிடம் போயிற்று. அவை ஓடி வந்தன. வெள்ளைக்கார அம்மா பலகை இடுக்கில் நின்று பார்த்தார். அவர் கொடுத்த பாட்டிலை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று, அதை நிறையக் கோதுமை போட்டு, மேலே ஒரு வெல்லக்கட்டி வைத்துக் கொடுத்தேன். அவர் வெல்லத்தை அங்கேயே கடித்தார்.

மீதியை ஊறவைத்து, குக்கரில் விட்டு, பாலும் வெல்லமும் தேங்காயும் போட்டுப் பொங்கினேன். எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை. தோலோடு இருக்கும் முழுக் கோதுமை. குழையவே இல்லை. நான்கு பேரும் மேசையில் உட்கார்ந்தோம். நான் உட்கார்ந்தேன் என்பதை அப்போது யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை, நானே பிறகுதான் கவனித்தேன்.

வெகு நேரம் மெல்லும் சத்தம் மட்டும்தான்.

"மாமி, நல்ல ருசி," என்றார் மாப்பிள்ளை. "ஆனால் இதைச் சப்பி முடிக்க அடுத்த பூசம் வந்திடும்."

"உன்ர பல்லுக்கே இப்பிடி எண்டால் என்ர பல்லுக்கு?" என்றார் சம்மந்தி. வாயிலிருந்ததை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் ஜன்னல் ஓரத்தில் நின்றது. அங்கே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி அளவுக்குக் கோதுமை இருந்தது. தூற்றி முடித்ததும், நல்ல முற்றிய மணியாகப் பொறுக்கி நான் போட்டு வைத்தது.

"இது பக்கத்து வீட்டு அம்மாவுக்கோ?"

"அவங்களுக்குக் கொடுத்துட்டேன்."

"பின்ன என்னத்துக்கு?"

"விதைக்கு."

மெல்லும் சத்தம் நின்றது.

"எந்த விதைக்கு? எப்ப விதைக்கிறது?"

"வர்ற சித்திரைக்கு. குளிர் வர்றதுக்கு முன்ன."

"ஆர் விதைக்கிறது?" என்றார் சம்மந்தி. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் விடவில்லை. "எங்க விதைக்கிறது? அதில வீடெல்லோ வரப்போகுது?"

நான் மகளைப் பார்த்தேன். மாப்பிள்ளையிடம் சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் ஸ்பூனைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிற பார்வை. இவளிடம் சொல்லி இவள் வழியாகச் சொல்லக் கூடாது என்று தோன்றியது. மேசைக்கு அந்தப் பக்கம் திரும்பினேன்.

"மாப்பிள்ளை, வீட்டைக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க. வடக்குப் பக்கம், என் ஜன்னலுக்குக் கீழ ஒரு முழம் மண்ணு இருந்தாப் போதும். இந்தத் தடவை நட மாட்டேன். கோடு கிழிச்சே விதைக்கிறேன்."

குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. மாப்பிள்ளை கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லப் போனவர், வாயில் இன்னும் கோதுமை இருந்ததால் மென்று விழுங்கினார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஓம் மாமி," என்றார். "ஒரு முழம் என்ன, ரெண்டு முழம் விடுவம்."

"அண்ணனுக்கு நான் சொல்றேன்," என்று எழுந்தாள் மகள். "இல்ல, நானே சொல்றேன்," என்றேன் நான். அவள் சரி என்று தலையை ஆட்டிவிட்டு நேரே போய் ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையோ தேடுகிற மாதிரி அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றாள். வெகு நேரம் நின்றாள். தோள் மட்டும் தெரிந்தது.

சம்மந்தி என்னைப் பார்த்தார். நான் இன்னொரு கரண்டி பொங்கலை அவர் கிண்ணத்தில் போட்டேன்.

"கரண்ட் போகுதும்மா," என்றேன். "மூடிட்டு வா. ஆறிடும்."